மாரி தொடங்கமுன் வைக்கல் சேரவேண்டும்: கால்நடை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் கால்நடைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் பிரதேச செயலாளர்களுக்கும் வணக்கம்.

2022 டிசெம்பர் இரண்டாம் வாரத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கமாகத்தான் கரையேறியது. ஆனால் அதன் மழையும் கூதல் காற்றும் எங்களைச் சும்மா விடவில்லை. இரண்டு மாகாணங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின. இங்கிருந்து இறைச்சி கொண்டுபோகத் தற்காலிகத் தடை வந்தது. பரிசோதித்துப் பார்த்து, நோய் இல்லை, குளிர் அதிர்ச்சிதான் என்றார்கள்.

அது சரி. ஆனால் குளிர் தனியாக வந்து கொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வெட்டையில் நின்ற பட்டி மாடுகள்தான் அதிகம் விழுந்தன. கொட்டிலில் வைக்கல் தின்றுகொண்டு நின்றவை பெரும்பாலும் தப்பின. மாட்டின் பெருவயிறு அடுப்பு மாதிரி. உள்ளே வைக்கல் புளித்துக்கொண்டிருக்கும் வரை உடம்பில் சூடு இருக்கும். வெறும் வயிற்றோடு, மயிர் நனைந்து, காற்றிலும் நின்றால் அந்தச் சூடு எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்?

ஏன் வெறும் வயிறு? பெரும்போகம் விதைத்தவுடன் மாடுகளை வயலிலிருந்து கலைத்துவிடுகிறோம். கலைக்கத்தான் வேண்டும், பயிரைக் காக்கவேண்டுமே. ஆனால் போக இடம் எங்கே? மேய்ச்சல் தரை என்று முன்பு இருந்த மேட்டுநிலங்கள் சுருங்கிவிட்டன. மிச்சத்தில் வெள்ளம் நிற்கும். மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலிருந்து வீதியில் இருந்து போராடியதும் இதற்காகத்தான். வயல் மூடும் காலத்தில் மாட்டுக்குப் போக்கிடம் வேண்டும். கார்த்திகை முழுக்க அரைவயிற்றோடு அலைந்த மாடு மார்கழியில் எலும்பும் தோலுமாய் நிற்கிறது. அதன்மேல் ஒரு இரவு மழை பெய்தால் போதும்.

அதனால், மாரிக்கான வேலையை ஆவணியிலேயே தொடங்குங்கள். சிறுபோக அறுவடை முடிகிற நேரம் அது. அறுவடை இயந்திரம் வைக்கலை வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது, பிறகு அதைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வைக்கல் கட்டும் இயந்திரத்தை ஊர்ச் சங்கங்கள் வாடகைக்கு எடுக்க உதவி செய்யுங்கள். இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்குச் சொந்தமாக வாங்குவது கனவிலும் நடக்காது. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தறப்பாளால் காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் மாடு கூடுதலாகத் தின்னும், சத்தும் ஏறும். இது உங்கள் உத்தியோகத்தர்களுக்குத் தெரிந்த விசயம்தான். ஊருக்கு வந்து ஒருமுறை கையால் செய்துகாட்டினால் சனம் பிடித்துக்கொள்ளும். அளவு பிசகினால் நஞ்சு என்பதால் நேரில் காட்டுவதுதான் நல்லது. வேலியில் நிற்கும் கிளிசரியா, பூவரசு, வார்ந்துபோடும் பனையோலை எல்லாம் கைகொடுக்கும். ஆனால் அவை வைக்கலுக்குத் துணைதான், மாற்று அல்ல.

கொட்டிலுக்குப் பெரிய செலவு வேண்டாம். மேட்டில் ஒரு கூரை, வாடைக்காற்று வரும் பக்கம் மட்டும் கிடுகோ உரப்பையோ கட்டிய மறைப்பு, படுக்க ஈரமில்லாத இடம். நாலு பக்கமும் அடைத்தால் மூத்திர நெடி ஏறிக் கன்றுக்குச் சளி பிடிக்கும். மாடுகளுக்கு வரும் தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியையும் மழைக்கு முன்பே போட்டு முடியுங்கள். வெள்ளத்துக்குள் பட்டியைத் தேடிப்போய் ஊசி போட ஆராலும் ஏலாது.

புயல் எச்சரிக்கை வரும்போது கடற்றொழிலாளருக்குத் தனியாக அறிவிக்கிறீர்கள். பட்டிக்காரருக்கும் அதேபோல ஒன்று வேண்டும். "இன்று பின்னேரத்துக்குள் மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோங்கள், வயிறு நிறையத் தீனி போடுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். விறைத்த கன்றுக்கு என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய்க்குள் விரலை வைத்தால் உள்ளே குளிர்ந்திருக்கும், விரலைச் சூப்பாது. அந்த நிலையில் பாலை ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் காய்ந்த சாக்கால் தேய்த்துத் துடைத்து, நெருப்புக்குக் கிட்டக் கிடத்தி, சூப்பத் தொடங்கிய பிறகுதான் இளஞ்சூட்டுப் பால். விழுந்த பசுவைப் பக்கவாட்டில் கிடக்கவிடாமல் நெஞ்சில் நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கல் மூட்டை முட்டுக்கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் வயிறு ஊதிச் செத்துவிடும். இது தெரியாமல் போன கன்றுகள் எத்தனையோ.

இழப்பீட்டைப் பற்றி ஒன்று. காதில் இலக்கம் இல்லை என்று கன்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடப் பசு அதுதான்.

இந்த ஆடியிலேயே ஒவ்வொரு பிரதேசத்திலும் பட்டிக்காரரையும் வயற்காரரையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள். எந்த மேட்டுநிலம் மாடுகளுக்கு, எவருடைய வயல் வைக்கல் எங்கே சேரும் என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதி முடிவெடுங்கள். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு சிறு பண்ணையாளர்