முதலில் சாம்பலை அள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அலையாத்திக் காடுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணூரில் கன்று நடுவதையும் அதில் எழுதியிருந்தது மகிழ்ச்சி. ஆனால், ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே முதல் வேலை கன்று நடுவதல்ல, ஆற்றில் கிடக்கும் சாம்பலை அள்ளுவதுதான்.

சின்ன வயதில் அப்பாவோடு படகில் போவேன். கொசஸ்தலை ஆற்றின் நடுவில் அவர் ஊன்றும் கழி முக்கால்வாசி தண்ணீருக்குள் போய்விடும். இன்று அதே இடத்தில் வற்றத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கும் நேரத்தில், இறங்கினால் முழங்கால்தான் நனைகிறது. காலில் படுவதும் சேறில்லை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து வழிந்ததெல்லாம் வருடக்கணக்காகப் படிந்து பாளம் பாளமாக இறுகிவிட்டது.

வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள் கடல் தண்ணீர் ஏறும் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, சேற்றிலும் அலையாத்தி வேர்களிலும் ஒதுங்கி வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். அந்தச் சேற்றைத் தடவித்தான் இருளர் பெண்கள் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கவ்வியபடி இடுப்பளவு தண்ணீரில் நகர்வார்கள். இறுகிய சாம்பலில் இறால் எப்படிப் புதையும்? சேற்றுக்கு மேலே வேரை நீட்டி மூச்சுவிடும் அலையாத்தி அதில் எப்படிப் பிழைக்கும்?

இது மீனவர் கவலை மட்டுமில்லை. பூண்டி ஏரியில் திறந்துவிடும் வெள்ளம் இந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆழம் இல்லாவிட்டால் அது ஊருக்குள்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. இறக்கையில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களை அன்று பார்த்தது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அள்ளும் சாம்பலைக் கரையிலேயே குவித்துவிடக் கூடாது. அடுத்த மழைக்கு அது ஆற்றுக்கே திரும்பிவிடும். எங்கே எவ்வளவு ஆழம் இருந்தது என்று எங்கள் குப்பத்துப் பெரியவர்களுக்கு அத்துப்படி. அதிகாரிகள் அவர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டு, அந்த ஆழம் வரைக்கும் தோண்டட்டும். அப்புறம் கன்று நட நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மீனவர் மகன்,
எண்ணூர், சென்னை.