‘மிசரபிள்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போதும், மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும்போதும், ‘மிசரபிள்’ என்ற பெயரடைக்குப் ‘பரிதாபமான’ என்று மட்டும் எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. எதனோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும் சொல் அது என்பதால், அதைப் பற்றிச் சற்று விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

லத்தீனில் ‘மிசர்’ என்றால் துயருற்றவர். அதே வேரில் பிறந்த ‘மிசராபிலிஸ்’ என்பதற்கு இரங்கத்தக்க என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த பிறகும் இந்தப் பொருள் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரம், இம்மைக்காக மட்டுமே கிறிஸ்துவை நம்பியிருந்தால் எல்லா மனிதரிலும் நாமே ‘மோஸ்ட் மிசரபிள்’ என்கிறது. இன்றைய வாசகர் இதை ‘மிகுந்த சோகத்தில் இருப்பவர்கள்’ என்று புரிந்துகொள்ளக்கூடும். ஆனால் கிரேக்க மூலம் சொல்வது இரக்கத்துக்கு உரியவர்கள் என்பதையே. நம் திருச்சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் விவிலியம் ‘பரிதபிக்கப்படத்தக்கவர்களாயிருப்போம்’ என்று அதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது.

அதே விவிலியத்தில், பெருந்துயருக்கு ஆளான யோபு என்பவரின் கதையைச் சொல்லும் யோபுவின் புத்தகத்தில் இதே ஆங்கிலச் சொல் வேறொரு திசையில் திரும்புகிறது. ஆறுதல் சொல்ல வந்து, குற்றம் சாட்டிப் பேசிய நண்பர்களை யோபு ‘மிசரபிள் கம்ஃபர்ட்டர்ஸ்’ என்கிறார். துயரப்படுபவர் யோபு, நண்பர்களோ அவருடைய துயரத்தைக் கூட்டுகிறவர்கள். இங்கே ‘பரிதாபமான’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். தமிழ் விவிலியம் ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’, அதாவது தொல்லை தரும் ஆறுதல்காரர், என்கிறது. அந்தச் சொற்றொடரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இன்றைய பேச்சு வழக்கிலும் இந்தக் கிளைகள் உண்டு. ஒருவர் தம் மனநிலையை இந்தச் சொல்லால் சொன்னால் நொந்து கிடக்கிறார் என்று பொருள். மழையையும் குளிரையும் சொன்னால் அவை நம்மை வாட்டுகின்றன. சம்பளத்தைச் சொன்னால் அது அற்பத் தொகை. தோல்வியைச் சொன்னால் நம்மிடம் ‘படுதோல்வி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கஞ்சத்தனம் உள்ளவரையும் இப்படிச் சொல்வதுண்டு. கருமியைக் குறிக்கும் ‘மைசர்’ என்ற சொல்லும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததே.

எனக்கு உண்மையான கவலை தருவது செய்தி மொழிபெயர்ப்புதான். அகதி முகாம்களில் மக்கள் ‘மிசரபிள் கண்டிஷன்ஸ்’ நடுவே வாழ்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் வரும்போது, அந்தப் பெயரடை குறிப்பது குடிநீரும் கழிப்பறையும் இல்லாத சூழலை. ‘பரிதாப நிலையில் மக்கள்’ என்று தமிழில் தலைப்பிடும்போது பார்வை மக்கள் மீது திரும்பி, அவர்கள் இரக்கத்துக்கு உரியவர்களாக மட்டுமே தெரிகிறார்கள். அந்தச் சூழலுக்குப் பொறுப்பானவர்களைப் பற்றிய கேள்வி மங்கிவிடுகிறது. ‘மனிதர் வாழத் தகுதியற்ற முகாம்கள்’ என்றோ ‘முகாம்களின் அவலம்’ என்றோ எழுதினால் செய்தியின் கூர்மை குறையாது. தங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றும், மாணவர் பக்கத்தில் இத்தகைய சொற்களுக்குப் பொருளோடு இரண்டு மூன்று வாக்கியங்களையும் சேர்த்துத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
நாகர்கோவில்