ஆற்றில் முங்கிய பழக்கம் கடலுக்கு உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அந்தமான் பயணக் கட்டுரையில், ஹேவ்லாக் தீவின் பவளப்பாறைகளிடையே ஸ்கூபா டைவிங் (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முங்குவது) செய்த அனுபவம் சுவையாக எழுதப்பட்டிருந்தது. ஆனால், நீச்சல் தெரிந்தவர்கள் அஞ்சாமல் இறங்கலாம் என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் வந்ததும் படித்துறையிலிருந்து குதித்துப் பழகிய எங்கள் டெல்டாப் பிள்ளைகள், அந்த வரி தங்களுக்காகவே எழுதப்பட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூச்சை அடக்கி யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று போட்டி போடுவதும், முங்கியதற்குச் சாட்சியாக அடிமணலை ஒரு பிடி அள்ளி வந்து காட்டுவதும் இங்குள்ள ஆற்றங்கரை ஊர்களில் பழகிப்போன ஆட்டம். ஸ்கூபாவிலோ எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். ஆற்றில் முங்குபவர் மேலே இழுத்த காற்றோடு உள்ளே போகிறார்; அது ஆழத்தில் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அவ்வளவுதான். சிலிண்டரிலிருந்து சுவாசிப்பவர், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றை நுரையீரலில் நிரப்பிக்கொள்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப்போல் இரு மடங்கு என்பதால், அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு பதற்றத்தில் மேலே பாய்ந்தால், காற்று இரு மடங்காக விரியப் பார்த்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பதறும் நேரத்தில் முந்திக்கொண்டு வருவது பழைய பழக்கம்தான். ஆகவே நன்றாக முங்கத் தெரிந்தவருக்கே இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பேன்.

தரை தட்டுப்பட்டதும் காலை ஊன்றிவிடுவதும் ஆற்றில் வந்த பழக்கமே. பவளப்பாறையின் மேற்பரப்போ உயிருள்ள சிறு பிராணிகளால் ஆனது. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. கட்டுரையோடு வெளியான படத்தில் ஒருவர் கிளைப்பவளத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் படத்தைத் தவிர்த்திருக்கலாம். ஒரு துண்டை ஒடித்து எடுத்து வருவது குற்றம் என்பதையும் சொல்லியிருக்கலாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

இன்னொன்று, கட்டுரையின் பயணத் திட்டம். காலையில் டைவிங், அன்றைக்கே சென்னைக்கு விமானம் என்று போட்டிருக்கிறார்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேறுவதற்குள் விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் உட்கார்ந்தால், அது குமிழிகளாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் பொறுத்தே பறக்க வேண்டும் என்பது டைவிங் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட நெறி. விடுப்புக் கணக்குப் பார்த்துப் புறப்படுகிறவர்களுக்கு இது ஒரு நாள் வாடகை கூடுதல், வேறொன்றுமில்லை. சளி பிடித்திருந்தால் காது அடைக்கும் என்பதும், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்பதும் இரண்டு வரியில் அடங்கக்கூடிய செய்திகள்தாம்.

மூச்சு, விமானம் பற்றிய இவ்விரண்டு விவரங்களையாவது அடுத்த இதழில் திருத்தமாக வெளியிட்டால், கோடை விடுமுறைக்கு முன்பதிவு செய்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் அவர்கள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை.