கர்ப்பப்பைன்னு சொன்னேன்ல, அது பொய்

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டில டெய்லரிங் கடை வச்சிருக்கேன், எங்கிட்ட பிளவுஸ் குடுக்குறவங்களுக்கு என்னை நல்லாத் தெரியும். 2022 பிப்ரவரில எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப என்னாச்சுன்னு கேட்ட அத்தனை பேருகிட்டயும் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். நீங்களும் நம்பி, பாவம்னு சொல்லி, பூண்டுக் குழம்பு வச்சுக் குடுத்து விட்டீங்க, வெயிட் தூக்காதன்னு அட்வைஸ் பண்ணீங்க, எங்க அம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான்னு தைரியம் சொன்னீங்க. என் கர்ப்பப்பை இன்னைக்கும் இருந்த இடத்துலயே இருக்கு. எனக்கு வந்தது அதுக்கும் வெளிய, பெண்ணுறுப்போட வெளிப்பக்கம், உதடுன்னு சொல்ற இடத்துல. டாக்டருங்க வல்வா கேன்சர்னு சொல்றாங்க. நம்ம பாஷையில அந்த இடத்துக்குப் பேர் இல்லாம இல்ல, ஆனா அதக் குழாயடிச் சண்டையில கெட்ட வார்த்தையாத்தான் கேட்டிருக்கோம், அப்புறம் எப்படி வாய்ல வரும். எதுக்காக உதவி பண்ணோம்னே தெரியாம இத்தனை பேர் உதவி பண்ணிருக்கீங்க, நன்றி சொல்றப்பவாவது உண்மையச் சொல்லணும்ல.

முதல்ல அந்த ஸ்கின் டாக்டரம்மாவுக்கு. முப்பது வயசுகூட இருக்காது. நாப்பத்தாறு வயசுல எனக்குப் பீரியட்ஸ் நின்னுச்சு, அதோட சேர்ந்து அரிப்பு ஆரம்பிச்சது. பகல்ல தையல்ல கவனம் இருக்குறதால தெரியாது, ராத்திரி படுத்தா உயிர் போயிரும். நாலரை வருஷம் இப்படியே ஓட்டுனேன். தேங்காயெண்ணெய் போட்டேன், வேப்பிலை போட்டுக் கொதிக்க வச்சுக் கழுவுனேன், மெடிக்கல்ல கேட்டா ஒரு டியூப் குடுப்பாங்க, ரெண்டு நாள் அடங்கும், மூணாம் நாள் அதே கதைதான். டாக்டர்ட்ட போகாமயும் இல்ல, மூணு பேர்ட்ட போனேன், மூணு பேரும் சுகர் இருக்கான்னு கேட்டாங்க, இல்லைன்னதும் படைக்கு மருந்து எழுதிட்டாங்க. இவங்களைக் குத்தம் சொல்ல எனக்கும் பாதி உரிமைதான் இருக்கு, ஏன்னா அவங்களும் பாக்கணும்னு சொல்லல, நானும் காட்டுறேன்னு சொல்லல. நடுவுல ஒரு கேம்ப்ல பாப் டெஸ்ட் எடுத்தாங்க, நார்மல்னு வந்துச்சு, சரி கேன்சர் இல்லைன்னு நிம்மதியா இருந்துட்டேன். அந்த டெஸ்ட் கர்ப்பப்பை வாய்க்கு மட்டுந்தான், வெளிய இருக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு எனக்கு யார் சொன்னா.

இந்தப் பொண்ணு மட்டுந்தான் நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, “படுங்கம்மா, பாக்குறேன்”னு ஸ்கிரீனை இழுத்து விட்டுச்சு. லைட்ட வச்சுப் பாத்துட்டு, எத்தனை வருஷமா இப்படி வெள்ளையா இருக்குன்னு கேட்டுச்சு. எனக்கு எப்படித் தெரியும், ஐம்பத்தோரு வயசு வரைக்கும் நான் அங்க பாத்ததே இல்ல. அந்த வெள்ளைக்குப் பேரு லைக்கன் ஸ்க்ளீரோசஸாம், தோல் பேப்பர் மாதிரி மெலிசாகி வெளுத்துப் போற வியாதி, ஒழுங்கா மருந்து போட்டா அடங்கி இருக்கும், கவனிக்காம விட்டா சிலருக்கு மட்டும் கேன்சராகுமாம். அந்தச் சிலர்ல நான் ஒருத்தி. இடது பக்கம் சுண்டைக்காய் சைஸுல ஒரு கட்டி, மேல புண்ணு. அன்னைக்கே மரக்க ஊசி போட்டு ஒரு துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட்ல ஸ்குவாமஸ் செல் கார்சினோமான்னு, அதாவது மேல்தோல்ல ஆரம்பிக்குற கேன்சர்னு இருந்துச்சு. கர்ப்பப்பை, சினைப்பைன்னு பொம்பளைங்க உறுப்புல வர்ற கேன்சர் எல்லாத்துலயும் இந்த வல்வா கேன்சர் நூத்துக்கு நாலோ அஞ்சோதானாம், எனக்குன்னு பாத்து வந்திருக்கு பாருங்க. டாக்டரம்மா, நீங்க அன்னைக்கு ஃபீஸ்கூட வாங்கல, அதவிட அந்த “படுங்கம்மா”வுக்குத்தான் நான் கடன்பட்டிருக்கேன்.

அடுத்து எங்க மதினி. வீட்டுக்காரரோட அக்கா. எனக்கும் அவங்களுக்கும் இருபது வருஷமா ஆகாது, அது ஊருக்கே தெரியும். ஆனா ரிப்போர்ட்டப் படிச்சுட்டு நான் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தப்ப அவங்கதான் வந்து, “எந்த எடம்னு எனக்கு மட்டும் சொல்லு, ஊருக்கு நான் வேற சொல்லிக்கிறேன்”னாங்க. கர்ப்பப்பைங்குற பொய்ய மொதல்ல சொன்னதே அவங்கதான். கல்யாண வீட்டுல யாராச்சும் ரொம்பக் குடைஞ்சு கேட்டா குறுக்க வந்து பேச்ச மாத்தி விட்டுருவாங்க. தெருச்சண்டையில பாத்திருக்கேன் அந்த வாயை, எனக்காகவும் அது பேசும்னு நினைச்சதே இல்ல.

பணத்தப் பத்தி நிறையச் சொல்ல வேண்டாம். வருமானச் சான்றிதழுக்கு ரெண்டே நாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்த வி.ஏ.ஓ. சாருக்கும், தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ்ல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுண்டர்ல, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சு ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டுன தம்பிக்கும் நன்றி. (எனக்கு நல்லாவே படிக்கத் தெரியும், ஆனா அன்னைக்கு எழுத்து எதுவும் கண்ணுல ஏறல.)

ஆபரேஷன் சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரில. முத்துலெட்சுமி ரெட்டி அம்மா, தன்னோட தங்கச்சியைக் கேன்சருக்குப் பறிகுடுத்த வேதனையில, 1954-ல 12 படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. வரிசையில உக்காந்திருக்கிறப்ப அதத்தான் நினைச்சுகிட்டு இருந்தேன், யாரோ ஒரு அக்கா தங்கச்சிக்காக அழுதது இன்னைக்கு எனக்கு ஒரு கட்டிலா இருக்குதேன்னு. ஆபரேஷன் நாலு மணி நேரம். இடது பக்கம் கட்டியோட சுத்தி நல்ல தோலும் கொஞ்சம் சேர்த்து எடுத்தாங்க, ரெண்டு தொடை இடுக்குலயும் கீறி நெறிக்கட்டி எல்லாத்தையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்க. மொத்தம் பதினேழு எடுத்ததுல ஒண்ணுலகூட பரவல. அதனால கரண்டும் (ரேடியேஷன்) வைக்கல, கீமோவும் இல்ல. ரத்தம் குடுத்தது எங்க கொழுந்தனார் மகனோட காலேஜ் பசங்க ரெண்டு பேரு, குடுத்துட்டு எதுத்தாப்ல ஜூஸ் குடிச்சுட்டுப் பேருகூடச் சொல்லாமப் போயிட்டாங்க. நல்லா இருங்கப்பா.

வார்டுல ராத்திரி ட்யூட்டி பாத்த ஒரு சிஸ்டர். அவங்களப் பத்தி எழுதணும்னுதான் இத ஆரம்பிச்சேன்னுகூடச் சொல்லலாம். டிரெஸ்ஸிங் பண்றப்ப நான் கண்ண இறுக்கி மூடிக்குவேன். மூத்திர டியூப் எடுக்குற அன்னைக்கு, “அம்மா, வீட்டுக்குப் போனா நீங்கதான் தினம் பாத்துக்கணும், சீழ் பிடிச்சா உங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும், இந்தாங்க”ன்னு ஒரு முகம் பாக்குற கண்ணாடியை நீட்டுனாங்க. முடியாதுன்னு தலையாட்டுனேன். அவங்க வற்புறுத்தல, திட்டல, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. எவ்வளவு நேரம்னு தெரியல, வேற கட்டில்ல இருந்து கூப்பிட்டாங்க, ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு உக்காந்தே இருந்தாங்க. அப்புறம் பாத்தேன். நான் நினைச்சு வச்சிருந்தது இதவிடப் பயங்கரம். உண்மையில ஒரு கிழிசல தைச்ச மாதிரி இருந்துச்சு, தையல் நல்ல தையல்தான், ஒழுங்கான இடைவெளி, நம்ம தொழில்காரின்னால மொதல்ல கண்ணுல பட்டது அதுதான். சிஸ்டர்ட்ட சொன்னேன், சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன், சிரிச்சா தையல் இழுக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சது.

ஆயாம்மாவுக்கும் நன்றி, நான் கூச்சப்பட்டப்பல்லாம் “பொறந்த எடந்தானம்மா”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாங்க.

தொடையில ரெண்டு பக்கமும் டிரெயின் டியூப் வச்சு, அதோட முனையில பாட்டில் தொங்கும். நிணநீர் வடிஞ்சுகிட்டே இருக்கும், ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழ வந்தாத்தான் எடுப்பாங்க. பாத்ரூம் போகணும்னா ரெண்டு பாட்டிலையும் கையில தூக்கிகிட்டு நைட்டியையும் பிடிச்சுகிட்டுப் போகணும். இத போன்ல எங்க கடைப் பிள்ளைட்ட பொலம்புனேன், வீட்டாளுங்களைத் தவிர அதுக்கு மட்டுந்தான் முழு உண்மையும் தெரியும். மறுவாரம் வந்தவங்க கையில ஒரு பார்சல் வந்துச்சு, மிச்சத் துணியில பாட்டிலு உள்ள போற மாதிரி பை, தோள்ல மாட்டிக்க நாடா. எனக்கு ரெண்டு போதும், அது இருவது தைச்சு அனுப்பிருந்துச்சு. வார்டு முழுக்கக் குடுத்தோம், மார்புல ஆபரேஷன் பண்ணவங்களும் கேட்டு வாங்குனாங்க. ரெண்டு மாசம் கடைய ஒத்தையில ஓட்டுன பிள்ளை அது. ஏய், நீ அளவுச் சட்டையத் தொலைச்சதுக்கு நான் திட்டுனதெல்லாம் இத்தோட கழிஞ்சுச்சு போ.

டிஸ்சார்ஜ் ஆனாலும் ஊருக்குப் போக விடல. சூளைமேட்டுல எங்க கொழுந்தனார் வீடு. ஒரே பெட்ரூம், அதுல மட்டுந்தான் வெஸ்டர்ன் டாய்லெட், அதை எங்களுக்குக் குடுத்துட்டு அவங்க நாலு பேரும் நாப்பது நாள் ஹால்ல படுத்தாங்க. ஒன்பதாம் நாள் வலது தொடைத் தையல் விட்டுப் போச்சு. ஈரமான இடம், மடிப்பு வேற, இந்த ஆபரேஷன்ல இது நிறையப் பேருக்கு ஆகுறதுதான், பயப்படாதீங்கன்னு டாக்டர் சொன்னாரு, ஆனா ஒரு குழி மாதிரி இருக்குறத பாத்தா பயம் வராம என்ன செய்யும். தினம் உப்புத்தண்ணில கழுவி, துடைக்கக் கூடாது, காத்துலதான் காயணும். எங்க வீட்டுக்காரர் டேபிள் ஃபேனை கட்டிலுக்குக் கீழ ஸ்டூல்ல வச்சு, சரியா அந்தக் கோணத்துக்குத் திருப்பி, கதவப் பூட்டிட்டு வெளிய காவலுக்கு உக்காந்திருவாரு. முப்பது வருஷக் குடும்பத்துல அவுக எனக்கு ஒரு காப்பி போட்டதில்ல. இந்த ஃபேன் வேலைய ஒரு நாள்கூட மறக்கல. நன்றின்னு சொன்னா கோவப்படுவாக, அதனால இங்கயே சொல்லி வச்சிர்றேன். மத்ததெல்லாம் எங்களுக்குள்ள இருக்கட்டும், முன்ன மாதிரி இல்ல, ஆனா பேசிக்கிறோம், முன்ன அதப்பத்தி பேசுனதே இல்ல.

ஊருக்கு வந்தா எங்க வீட்டுல குத்த வைக்கிற கக்கூஸ்தான். பக்கத்து வீட்டு வெல்டிங் அண்ணாச்சிட்ட மதினி போய் “கர்ப்பப்பை ஆபரேஷன், உக்கார முடியல”ன்னு சொன்னாங்க, மனுஷன் ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல, பிளாஸ்டிக் சேர்ல வட்டமா ஓட்டை போட்டு, ஓரத்துல குத்தாம இருக்கத் தேய்ச்சு, பழைய சைக்கிள் டியூப சுத்தி ஒட்டிக் கொண்டு வந்து வச்சுட்டுப் போயிட்டாரு. மூத்திரம் முன்ன மாதிரி நேராப் போகாது, தெறிக்கும், காலெல்லாம் நனையும், இதெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. அண்ணாச்சி, அந்தச் சேர் இல்லைன்னா நான் தினம் அழுதிருப்பேன்.

அஞ்சு மாசம் கழிச்சு இடது கால் வீங்க ஆரம்பிச்சுது. நெறிக்கட்டி எடுத்துட்டதால நீர் மேல ஏற வழி இல்ல. பிசியோதெரபி மேடம் பேண்டேஜ் சுத்தவும், நீவி விடவும், காலையில எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே அந்த இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் மாட்டவும் சொல்லிக் குடுத்தாங்க. அத மாட்டுறதுக்குள்ள வேர்த்துரும், சித்திரை மாசக் கோவில்பட்டில அதப் போட்டுகிட்டுத் தைக்கிறது தனிக் கொடுமை. மெஷினுக்கு மோட்டார் போட்டாச்சு, ஒரு காலை ஸ்டூல்ல நீட்டி வச்சுட்டுத்தான் தைக்கிறேன், யாரும் மரியாதை இல்லைன்னு நினைக்காதீங்க. ஒரு தடவ கருவேல முள்ளு குத்தி, அதக் கவனிக்காம விட்டு, காலு செக்கச் செவேல்னு ஆகி குளிர் காய்ச்சலோட அஞ்சு நாள் படுத்தேன். அதுல இருந்து செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கும் சாக்ஸ் போட்டுத்தான் போறேன். ஒருத்தர் பாத்து மொறைச்சப்ப வாசல்ல பூ விக்கிற அக்கா, “ஆத்தாளுக்குத் தெரியும் போ”ன்னு அவரையே அனுப்பி விட்டாங்க. அக்கா, நீங்க எப்பவும் ஒரு முழம் கூடத்தான் அளக்குறீங்க.

ரயில்வேல கேன்சர் பேஷண்ட்டுக்கு மூணாம் ஏசில முழுச் சலுகை இருக்கு, கூட வர்றவங்களுக்கு முக்கால்வாசி, ஆஸ்பத்திரில ஃபாரத்துல கையெழுத்து வாங்கி கவுண்டர்ல குடுக்கணும். இத எனக்குச் சொன்னது வார்டுல பக்கத்துக் கட்டில்ல இருந்த விழுப்புரம் அக்கா. அவங்க இப்ப இல்ல. அவங்க சொன்னதத்தான் நான் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிகிட்டு இருக்கேன்.

ரெண்டரை வருஷம் ஆச்சு, போன செக்கப் வரைக்கும் ஒண்ணும் இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு இருந்தத ஆறு மாசமாக்கிட்டாங்க. அந்தத் தோல் வெளுக்குற வியாதிக்கு இன்னமும் வாரம் ரெண்டு நாள் க்ளோபெடசால்ங்குற ஆயின்ட்மென்ட் போடுறேன், கண்ணாடிய வச்சுப் பாத்துதான் போடுறேன். போன மாசம் கடைக்கு வந்த ஒரு கஸ்டமர், அளவு குடுத்து முடிச்சும் போகாம ஊக்கு டப்பாவையே நோண்டிகிட்டு நின்னாங்க, அப்புறம் ரொம்ப மெதுவா, “அக்கா, உங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி அரிப்பு இருந்துச்சா”ன்னாங்க. கடைப் பிள்ளைய டீ வாங்க அனுப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். அந்த ஸ்கின் டாக்டரம்மாட்டயே கூட்டிட்டுப் போனேன், அவங்களுக்கு வெறும் படைதான், மூணு வாரத்துல சரியாயிருச்சு. திரும்பி வர்றப்பதான் இத எழுதணும்னு முடிவு பண்ணேன். மதினிட்டயும் கேட்டுட்டேன், “இனிமே எனக்கும் பொய் சொல்ற வேலை மிச்சம்”னுட்டாங்க.

கடைசியா ஆட்டோ தம்பி. ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனுக்கு என்னை இலவம்பஞ்சுத் தலையணை மேல உக்கார வச்சு, ஸ்பீட் பிரேக்கர் வந்தா ஆஃப் பண்ணி, இறங்கித் தள்ளிட்டே போவ. ஒரு நாள் பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுத் திட்டுனப்ப, “எங்கக்காவுக்கு வயித்துல ஆபரேஷன்யா”ன்னு அவன்கூடச் சண்டைக்குப் போன. வயித்துல இல்ல தம்பி, ஏன் அப்படி மெதுவாப் போகச் சொன்னேன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். வர்ற ஏழாம் தேதி ராத்திரி மறுபடி செக்கப்புக்குக் கிளம்பணும், நெல்லை எக்ஸ்பிரஸ். வார்டுக்கு நாலு கிலோ கடலைமிட்டாய் எடுத்துட்டுப் போறேன், பொட்டி கனமா இருக்கும், கொஞ்சம் சீக்கிரம் வந்துரு.