உரிமை உண்டு, முறை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஈராக்கில் உயிரிழந்த இளம் மரைன் வீரரின் இறுதிச் சடங்கு 2006-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்தபோது, வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் என்ற சிறு கிறித்தவ சபையினர் வீரர்களின் மரணத்துக்காக இறைவனுக்கு நன்றி கூறும் பதாகைகளுடன் தேவாலயத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி தொலைவில் நின்றனர். தந்தை தொடுத்த வழக்கில், பொது இடத்தில் பொதுப் பிரச்சினை குறித்து எழுந்த பேச்சு என்பதால் அதற்கு அரசமைப்புப் பாதுகாப்பு உண்டென 2011-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதை நான் ஏற்கிறேன். துக்கத்தைக் காரணம் காட்டிப் பேச்சைத் தடுக்கும் அதிகாரம் கிடைத்தால் எந்த அரசும் அதை விட்டுவைக்காது. ஆயினும் அச்சபையினரின் சினம் ஓரினச்சேர்க்கையை அந்நாடு ஏற்பதன் மீது; வீரர்களின் மரணம் அதற்கான இறைத் தண்டனை என்பது அவர்கள் கூற்று. இறந்த இளைஞருக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. பகையாளி வீட்டுச் சாவிலும் வாய்மூடி நிற்பதே முறை என்றிருக்க, கேமராக்கள் வரும் என்பதற்காகவே பிறர் துக்கத்தை மேடையாக்கியதைத்தான் என்னால் மன்னிக்க இயலவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை