அம்மாவுக்காக வந்தவர்களுக்கு

கும்பகோணத்துச் சொந்தங்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும்,

அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை. மறுபடி எடுத்த ஸ்கேனையும் பார்த்துவிட்டு நேற்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

மார்பில் கெட்டியான கட்டி, அதன்மேல் தடித்த தோல், அக்குளில் நெறி. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது. ஊசி போட்டு எடுத்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதுதான் யானைக்கால் நோயின் புழுக்குஞ்சுகள் தெரிந்தன. காலோடு நிற்கிற நோயில்லை அது. மார்பிலுள்ள நிணநீர்க் குழாய்களிலும் புழு தங்கிக் கட்டியாகிவிடும்.

லேப் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. இந்தக் குஞ்சுகள் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ரத்தத்தில் நிறைய ஓடும், பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிடும் என்பதால், வேலை முடிந்து போனவர் அந்த மழையில் எங்கள் வீடு தேடி வந்தார். வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டார். ரத்தம் எடுக்கப் போகிறார்களே என்று அம்மா காலையிலிருந்து பட்டினி. “இதுக்கு வெறும் வயிறு வேண்டாம்மா. நீங்க சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளியைப் பட்டினி போட அம்மாவுக்கு மனசு வருமா? கட்டி தெரிந்த நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவர் அன்று இரண்டு தோசை சாப்பிட்டார். அப்புறம்தான் விரலில் குத்தினார். எவ்வளவு சொல்லியும் பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

ஊசிச் சோதனை முடியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்ற டாக்டர், புழு தெரிந்த பிறகும் புற்றுநோய் கூடவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்த நோயியல் டாக்டர், பன்னிரண்டு நாளும் இந்தப் புழுவுக்கான டிஈசி மாத்திரையைத் தவறாமல் நினைவுபடுத்திய நர்ஸ் அக்கா, சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டுச் சித்தி, ஆட்டோ ஓட்டிய மாமா, எல்லோரையும் கும்பிடுகிறேன்.

சாக்கடைக் கொசு கொண்டுவந்த நோய் இது. இனி யானைக்கால் மாத்திரை கொடுக்க எங்கள் தெருவுக்கு யார் வந்தாலும் அவர்களோடு வீடு வீடாக நானும் வருவேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அம்மாவுக்குப் புழுவாக இருந்ததால் உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் உடனே போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் கூப்பிடுங்கள், நான் துணைக்கு வருகிறேன்.