சாக்சபோனுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாண வரவேற்புகளில் சாக்சபோன் கச்சேரி வைப்பது சகஜமாகிவிட்டது. வாசிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் முன்னோடி கதிரி கோபால்நாத்.

நாகசுரக் கலைஞரின் மகனான அவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு அதன்மேல் ஆசைப்பட்டவர். மேல்நாட்டு இசைக்கென்று செய்த கருவியில் கமகம் (சுரங்களை அசைத்தும் வளைத்தும் வாசிப்பது) பேச வைப்பது லேசான காரியமில்லை. கருவியிலேயே மாற்றங்கள் செய்து அதைச் சாதித்தார். சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டார். 1994-இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில் மேடை ஏறினார். அதே ஆண்டு அவர் சாக்சபோன் வாசித்து வந்த 'டூயட்' படத்தால்தான் நம்மூரில் பலருக்கு இந்தக் கருவியே அறிமுகம் (நாயகனாக நடித்த பிரபுவே வாசித்தார் என்று நம்பியவர்களும் உண்டு!). 2004-இல் பத்மஸ்ரீ. 2019-இல் மறையும்வரை மாணவர்களையும் உருவாக்கினார்.

சிவகங்கை அரசு இசைப்பள்ளியில் நாகசுரம், தவில், வயலின் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சாக்சபோனையும் சேர்த்தால் என்ன? நாகசுரக்காரர்களின் பிழைப்பு கெடும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராகமும் கீர்த்தனையும் நாகசுர ஆசிரியரே நடத்தலாம். கருவிப் பயிற்சிக்கு மட்டும் வாரம் ஒருநாள் சாக்சபோன் கலைஞர் ஒருவர் வந்து போனால் போதும். கலை பண்பாட்டுத் துறை அடுத்த சேர்க்கைக்குள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், காரைக்குடி